உடைந்துபோன கல்வெட்டு உடையாமல் இருக்கிறது

பர்கூரில் பஸ் டீக்கு நிற்கிறது. மதியம் ஓசூர்க் கருத்தரங்கில் நாயக்கர் காலக் குதிரை வணிகம் பற்றி நான் பேச வேண்டும். பயத்தில் பேச்சுத் தாள்களை மறுபடி மறுபடி புரட்டுகிறேன். கடையோரம் நின்று முடிவுரையைச் சத்தமாக ஒப்பிக்கிறேன்: "பர்கூர்க் கல்வெட்டு குவாரியில் உடைந்து அழிந்துவிட்டது."

கிளாஸ் கழுவும் டீக்கடை பாய் நிமிர்கிறார். "குதிரை செதுக்குன கல்லுங்களா சார்? கடைக்குப் பின்னாடிதான் கிடக்குது. உடைஞ்சுதுன்னு யார் சொன்னாங்க?"

"மூணு பேராசிரியருங்க எழுதியிருக்காங்க பாய்."

"அவங்க இங்க டீ குடிச்சிருக்க மாட்டாங்க."

ஓடிப் போய்ப் பார்க்கிறேன். முழுசாக இருக்கிறது. பார்க்காமலே எழுதியவர்களில் நான் நாலாவது. பயம் போய்க் கை பரபரக்கிறது. முடிவுரைத் தாளைத் திருப்பிக் கல்லில் அழுத்திப் பென்சிலால் தேய்க்கிறேன். குதிரையின் காது எழும்புகிறது. பஸ் ஹாரன் அடிக்கிறது.

"டிரைவருக்கு இன்னொரு டீ குடுங்க பாய், இன்னும் வால் வரல."