ஆடி மாதத்து உறைகள்

அந்தக் கோடை முழுக்க நான் தபாலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெக்சஸில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீடு. அப்பா டெலிபோன் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் முடித்துவிட்டு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்திருந்தேன்.

அமெரிக்காவில் ஒரே விண்ணப்பத்தோடு ஆளை விடமாட்டார்கள். முதலில் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவாக ஒன்று. அதைப் பார்த்துவிட்டு, ஆள் தேறும் என்று தோன்றினால் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக இரண்டாவது விண்ணப்பம் ஒன்றைத் தபாலில் அனுப்பும். செகண்டரி என்பார்கள். அதில் கட்டுரைகள் இருக்கும். முன்கூட்டியே படித்திருக்க வேண்டிய பாடங்களை எங்கே, எப்போது படித்தாய் என்ற விசாரணையும் இருக்கும். வந்த வரிசையில்தான் படிப்பார்கள், படித்த வரிசையில்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். கையில் கிடைத்த உடனே நிரப்பித் திருப்பி அனுப்பிவிடு, தாமதம் செய்தவர்களுக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்று கல்லூரி ஆலோசகர் சொல்லியிருந்தார். செகண்டரியே வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஜூலையும் பாதி தாண்டிவிட்டது. எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அதன் இரண்டாம் பகுதியை நான் என் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. அது அப்பாவின் யோசனை.

"அந்த ப்ரொபசர் ஏ கிரேடு போடவே மாட்டாராமே பாப்பா. சம்மர்ல கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்துரு. ஏ-ன்னா ஏ தான், எங்க வாங்கினா என்ன?"

அவர் நண்பர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது இதையேதான். ஏ வந்தது. அதைக் காட்டியபோது ஆலோசகர் புருவத்தைத் தூக்கினார். சில மெடிக்கல் ஸ்கூல்கள் கம்யூனிட்டி காலேஜ் மாதிரிச் சின்ன உள்ளூர்க் கல்லூரியில் படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ என் காகிதத்தைப் பார்த்து, கெமிஸ்ட்ரிக்கு எதிரே கோடு கிழித்து, தூக்கி ஓரமாக வைப்பது போலவே இருந்தது. குளிக்கும்போதும் அந்தக் கோடுதான் கண்ணில் தெரியும்.

பகலில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கோடை வேலை. என்னோடு அங்கே வேலை பார்த்த பெண் தனக்கு ஹூஸ்டனிலிருந்து செகண்டரி வந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்கும் எல்லாவற்றையும்விட அந்த ஹூஸ்டன் கல்லூரிதான் வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையில் அன்றைய தபால் இருக்கும். அம்மா மத்தியானமே எடுத்து வைத்திருப்பாள். டெலிபோன் பில், கூப்பன் தாள்கள், பல் டாக்டரின் நினைவூட்டல். நான் அவற்றைத் திரும்பத் திரும்பப் புரட்டுவேன்.

"வர்றது வரும் கண்ணு. வந்து சாப்பிடு" என்பாள் அம்மா.

அவள் முகத்தில் பதற்றத்தின் சாயலே இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே நடுங்குகிறவள் இவ்வளவு அமைதியாக இருந்தது என்னை இன்னும் பயமுறுத்தியது. எனக்குக் கிடைக்காது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள், என்னைத் தேற்றுவதற்கு இப்போதே தயாராகிவிட்டாள் என்று நினைத்தேன்.

தாங்க முடியாமல் ஒருநாள் ஆய்வுக்கூடத்துப் போனிலிருந்து ஹூஸ்டனுக்கு அழைத்தேன். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். போனை எடுத்த பெண்மணி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். உனக்கு அனுப்பி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டதே என்றாள். விலாசத்தைப் படித்துக் காட்டினாள். எங்கள் விலாசம்தான். தபாலில் தொலைந்திருக்கும், வேறொன்று அனுப்புகிறேன் என்றாள். எங்கள் வீட்டுத் தபால்பெட்டியை இனி நம்ப முடியாது என்று ஆய்வுக்கூடத்து விலாசத்தைக் கொடுத்தேன்.

அந்த வாரமே வந்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை எங்கே படித்தேன் என்று கேட்டிருந்தார்கள். எழுதினேன். டைப்ரைட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி நிரப்பினேன். கடைசிக் கேள்விதான் மோசம். இந்த ஆண்டு உங்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. மறுபடியும் முயல்வேன் என்று பொய்யாகத் தைரியம் காட்டி எழுதினேன். அடுத்த நாள் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்துவிட்டதா என்று மூடியை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. காரணம், அது ஆடி மாதம்.

எங்கள் வீட்டில் ஆடியில் எதுவும் தொடங்கக்கூடாது. அம்மா பவானிப் பக்கம். அப்பா வாங்கிய கார்கூட ஆவணி பிறக்கும்வரை டீலரிடமே நின்றது. விற்றவன் இந்த ஆளுக்கு லோன் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்திருப்பான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் உறை கையை விட்டுப் போனதும் பயம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. நம்பாத ஒன்றுக்கு எப்படிப் பயப்பட முடிகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. பதினெட்டாம் பெருக்கு. மாதம் முழுக்க ஆகாதென்றாலும் அந்த ஒரு நாள் மட்டும் எதைத் தொடங்கினாலும் பெருகும் என்பார்கள். அம்மா எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் கிளறினாள். காவேரிக்குப் பதில் கொல்லைப்புறத்துக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். நடைவழியில், துண்டுகளும் போர்வைகளும் வைக்கக் கட்டிய அலமாரிதான் எங்கள் பூஜை அறை. சாமி படங்களுக்குக் கீழே ஒரு பட்டு ரவிக்கைத் துணி மூடியிருந்தது. அம்மா அதை எடுத்தாள்.

கீழே உறைகள். தடிமனான உறைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமம். எல்லாக் கல்லூரிகளும் அனுப்பியிருந்தன. மேலே இருந்தது ஹூஸ்டன்.

"இன்னிக்கு நல்ல நாள். இனி எழுது கண்ணு" என்றாள்.

ஹூஸ்டன் உறையை எடுத்துத் தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ம்மா, அவங்க வந்த ஆர்டர்ல படிப்பாங்கம்மா. எல்லாரும் அனுப்பியாச்சு. என்னோடது லாஸ்ட்ல போகும். ஏம்மா இப்படிப் பண்ணினே? நான் டெய்லி செத்துக்கிட்டிருந்தேன், பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ஒண்ணைப் பிரிச்சும் பார்த்தேன். சீட் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டிருக்கான். அந்தக் கேள்விக்கு ஆடியில உன்னைய உக்காந்து எழுத உடுவனா நான்?"

"அது சும்மா ஒரு கொஸ்டின்மா. எல்லாருக்கும் கேட்பாங்க."

"என்னைய ஆரும் கேக்கலை."

எனக்கு விளங்கவில்லை. அம்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பியூசி முடிச்சதும் நானும் மெடிக்கலுக்குப் போட்டேன். என்ற அப்பா ஆடி ஒண்ணாந்தேதி போய்த் தபால்ல சேர்த்துட்டு வந்தாரு. கொஞ்சம் பொறுங்கன்னு என்ற அம்மா கெஞ்சுனாங்க. கேக்கலை. இன்டர்வியூ கார்டே வரலை. மார்க்கெல்லாம் இருந்துச்சு கண்ணு. மார்க்குல ஒரு குறையும் இல்லை. ஆவணியில உங்கப்பாவுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க."

அத்தனை வருடங்களில் அவள் இதைச் சொன்னதே இல்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஹூஸ்டனுக்கு ஏற்கெனவே ஒன்றை அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். நட்ட நடு ஆடியில் போட்டேன் என்று சொன்னால், அந்த விண்ணப்பம் அவளுக்கு அன்றைக்கே செத்துவிடும். அவள் துக்கத்தோடு எத்தனை மாதம் ஒரே வீட்டில் இருப்பது?

"ஒண்ணாவது இன்னிக்குப் போயாகோணும். ஹூஸ்டனுக்கே போடு" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தேன். முதலில் வந்த படிவம் தாமதமாகக் கிடைத்தது, நிரப்பிய விண்ணப்பம் முன்பே உங்களிடம் வந்திருக்கும், இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நாலு வரி அடித்தேன். அந்தத் தாளை மட்டும் உறையில் வைத்து ஒட்டினேன். வெளியே வந்ததும் அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். தபால் நிலையத்தில் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கையாலேயே போட்டாள். மற்றவற்றை அந்த வாரம் முழுக்க விழுந்தடித்து எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என் பயம் இரண்டாகப் பிரிந்துகொண்டது. கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒன்று. என் நாலு வரிக்கு யாராவது பதில் எழுதி, அது அம்மா கையில் கிடைத்துவிடுமோ என்பது இன்னொன்று. அன்றைய சண்டைக்குப் பிறகு அம்மா தபால்பெட்டியைத் தொடுவதில்லை. நான் எடுக்கப் போகும்போது வாசல் கம்பிவலைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

"மெல்லிசா, தடியா?" என்று கேட்பாள்.

மெல்லிசு என்றால் மறுப்பு. மெல்லிசாகத்தான் வந்துகொண்டிருந்தன. பதினெட்டாம் பெருக்குக்குப் பிறகு அனுப்பியவை ஒவ்வொன்றாகத் திரும்பின. ஹூஸ்டன் மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அப்பாவின் காரில் போகும் வழியெல்லாம் கெமிஸ்ட்ரிக்கு என்ன பதில் சொல்வதென்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவர்கள் கெமிஸ்ட்ரி பற்றிக் கேட்கவே இல்லை. எதிரே உட்கார்ந்த டாக்டர் என் கோப்பைத் திறந்தார். மேலே என் விண்ணப்பம், அதன்மேல் வந்து சேர்ந்த தேதியின் முத்திரை, ஜூலை. அடியில் என் நாலு வரி போன, குங்குமம் அப்பிய உறை. இது என்ன என்று கேட்டார். என் அம்மா வைத்தது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்.

குளிர்காலத்தில் ஒருநாள் பெட்டிக்குள் கையை விட்டபோது தடியாக இருந்தது. அம்மா கேட்பதற்கு முன்னாலேயே தூக்கிக் காட்டினேன். அவள் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

அன்று முழுக்கப் போனில் எல்லா ஆன்ட்டிகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதினெட்டாம் பெருக்கன்னிக்கு என்ற கையால போட்டதுங்க. மத்ததெல்லாம் அப்புறமாப் போனது, ஒண்ணும் வரலை பாருங்க."

அந்த ஜூலை முத்திரை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடு ஆடியில் போனதுதான் கிடைத்தது. ஆடி ஒன்றும் செய்யாது என்றால், அவளுக்கு மட்டும் ஏன் கார்டு வரவில்லை? போனை வைத்துவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என்ற அப்பா மட்டும் அன்னிக்குக் கொஞ்சம் பொறுத்திருந்தா எனக்கும் கிடைச்சிருக்கும். இல்ல கண்ணு?"

"கண்டிப்பாம்மா" என்றேன். "உனக்குத்தான் மார்க் இருந்துச்சே."