அக்காவும் பஜார் ரேடியோவும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஓரிடத்தில் நிலையாக இருக்காத ஒருவரைப் பற்றி ஓரிடத்தில் இருந்து எழுதுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அக்கா செங்கோட்டையில் பிறந்தார். எங்கள் அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்கு ஒன்றில் எடை போடும் வேலை கிடைத்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது, நான் கைக்குழந்தை. ரயிலில் வந்த வழியெல்லாம் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாராம். எட்டாம் வகுப்பில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா இறந்தார்கள். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. சுக்கு தரம் பிரிக்கும் கிடங்குக்கு வேலைக்குப் போனார். எனக்குத் தலை வாரும்போதே உலையைப் பார்ப்பார், உலையைப் பார்க்கும்போதே வாசலில் யார் போகிறார் என்று கேட்பார். மலையாளத்தைக் கிடங்குப் பெண்களிடம் கற்றார். தமிழை, சாமான் கட்டி வரும் பழைய வாரப் பத்திரிகைத் தாள்களைப் படித்துப் படித்தே விடாமல் வைத்திருந்தார்.

அத்தானை மணந்தபோது அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணங்களுக்கும் உற்சவங்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுவது அத்தானின் தொழில். நிதானமானவர். அவர் ஒரு வயரைச் சுருட்டி முடிப்பதற்குள் அக்கா இரண்டு தெரு போய் வந்துவிடுவார். பிள்ளைகள் பிறக்கவில்லை. அந்த வருத்தத்தை அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலைக்கு மேல் வேலையாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எழுபதுகளின் நடுவில் பஜார் வியாபாரிகள் சங்கத்தார் அத்தானிடம் வந்தார்கள். தெருவில் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டி, காலையில் சரக்கு விலையும் படகு வரும் நேரமும் சொல்ல வேண்டும் என்றார்கள். அத்தானுக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே அக்காதான் பேசினார். விலை சொல்லி முடித்ததும் ஒரு இசைத்தட்டு போட்டார். மறுநாள் சாயாக்கடைக்காரரை அழைத்து வந்து மைக் முன் நிறுத்தினார். பத்தே நாளில் அது ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. ஆறரை மணி முதல் எட்டு மணி வரை பாட்டு, விலை, படகு நேரம், ஒரு விருந்தாளி. கடைசி ஐந்து நிமிடம் அக்கா தன் மனதில் பட்டதைப் பேசுவார், பாதி தமிழ், பாதி மலையாளம். வானொலி நிலையத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அது பஜார் ரேடியோ, அக்கா ரேடியோ சேச்சி. மலையாளத்தில் சேச்சி என்றால் அக்காதான்.

நான் இசைத்தட்டு மாற்ற உதவிக்குப் போவேன். மைக் வைத்திருந்த சங்கத்து மாடியறையில் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டு ஓடும் மூன்று நிமிடத்துக்குள் கீழே இறங்கி, படகுத்துறை வரை போய், நாளைய விருந்தாளியைப் பேசி முடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நிற்பார். "ஏன்க்கா இப்படி ஓடுற?" என்றால், "நிக்கிறதுக்கு என்னால முடியலட்டி" என்பார்.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுது, அவ மறைச்சதில்லையே" என்றார்.

ஒரு மழைக்காலக் காலை. நனைந்தபடி ஒரு சுமைதூக்கும் தொழிலாளி மாடியேறி வந்து, "சேச்சி, நம்முடெ பரீதிக்கா மரிச்சு போயி" என்றார். அக்கா அடுத்த கேள்வி கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார். அரிசிக் கிடங்கில் இருபது வருடமாக மூட்டை சுமக்கும் பரீது இக்கா, அதாவது பரீது அண்ணன், காலமானார் என்று அறிவித்தார். அவர் எவ்வளவு பாரம் சுமந்தாலும் எதிரே வருகிறவருக்கு வழி விடுவார், கூட வேலை செய்பவருக்கு நோவு என்றால் அவர் பங்கையும் சுமப்பார் என்றெல்லாம் ஐந்து நிமிடம் பேசினார். கடைகள் சாத்தப்பட்டன.

இறந்தவர் படகோட்டியான இன்னொரு பரீது. அரிசிக் கிடங்கு பரீது இக்கா அதிகாலையிலேயே லாரியில் திருப்பூணித்துறைக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தார். அவர் மனைவி பாத்தும்மா வீட்டு மூலையில்தான் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. கேட்டவுடன் ஓடி வந்தவர் படியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பத்து மணிக்கு பரீது இக்கா திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள்.

அக்கா அப்போதே மைக்கில், "நான் சொன்னது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். பரீதிக்கா நல்லா இருக்கார். அவர் குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேக்கறேன்" என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லி மைக்கை அணைத்தார். பிறகு நேராகப் பாத்தும்மா வீட்டுக்குப் போனார். பாத்தும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு நாள் ஸ்பீக்கர்கள் பேசவில்லை. "பெண்ணை மைக் முன்னாடி விட்டா இப்படித்தான்" என்று வியாபாரிகளில் ஒருவர் அத்தானிடமே சொன்னார். அக்கா வீட்டுக்குள் நடந்தார். அடுக்களைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுக்களைக்கும். சோற்றை வடித்துவிட்டு, வடித்ததை மறந்து திரும்ப உலை வைத்தார்.

ஏழாம் நாள் பரீது இக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"சேச்சி, நாளைக்கு ஞான் வரட்டே? மைக்கில ஒரு காரியம் பறயணும்."

"என்ன வேணாலும் திட்டுங்க இக்கா. வாங்க."

மறுநாள் விருந்தாளி அவர்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். "ஞான் பரீது. உயிரோட இருக்கேன். இருபது கொல்லமா இந்தத் தெருவில மூட்டை எடுக்கறேன். எல்லாரும் 'ஏய்'னுதான் விளிக்கும். என்னைப் பத்தி ஒரு நல்ல வாக்கு நான் கேட்டதில்ல. அன்னிக்கு சேச்சி சொன்னதை சாயாக்கடைக்காரன் எங்கிட்ட அப்படியே பறஞ்சான். ரேடியோவை நிறுத்த வேண்டா. என் பீவிக்கு கோபம் இன்னும் மாறல. அது அவ காரியம். அதில யாரும் நடுவில வர வேண்டா." இவ்வளவுதான் பேசினார். அக்கா பாட்டுப் போட மறந்து நின்றார். நான்தான் தட்டை வைத்தேன்.

பாத்தும்மாவின் கையில் கட்டு இருந்த வாரங்களெல்லாம் நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா அங்கேதான் போனார். தண்ணீர் எடுத்து வைத்தார், மீன் நறுக்கினார், கறி வைத்தார். பாத்தும்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அக்கா வேகமாக வீட்டுக்கு வந்து, "ஏட்டி, பாத்தும்மா பேசிட்டா" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"கறியில உப்பு கூடிப்போச்சாம்."

அன்று மதியம் அக்கா உட்கார்ந்து சாப்பிட்டார். பாத்தும்மாவின் மணிக்கட்டு முழுதாக நேராகவில்லை. அதை அக்கா எப்போது பார்த்தாலும் பேச்சை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு எந்தச் சாவையும் அந்த வீட்டுக்குப் போய்த் தன் கண்ணால் பார்க்காமல் அறிவித்ததில்லை.

எண்பதுகளில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. மாடியறை யாருக்கு என்ற சண்டையில் அதைப் பூட்டிவிட்டார்கள். அத்தான் ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டு வந்தார். பல மாதம் அக்கா ஐந்து மணிக்கே எழுந்து படகுத்துறை வரை நடந்துவிட்டு வருவார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு கால் வீங்கியது. சிறுநீரகக் கோளாறு என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ஊர், தொழில், எப்படிக் கல்யாணம் நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் கண்டித்தும் கேட்கவில்லை. எனக்கு மூன்று நாளாக உறக்கம் இல்லை. "கொஞ்ச நேரம் பேசாம இருக்கா, உன்னால எல்லாருக்கும் தொந்தரவு" என்று சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் நினைவு தப்பியது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், நான் வீட்டுக்குப் போன வேளைகளில் அருகில் இருந்து வாய்க்குக் கஞ்சி ஊட்டிய பாத்தும்மாவுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் சலிக்காமல் ஆட்டோ ஓட்டிய அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கும், செங்கோட்டையிலிருந்து வந்து பதினாறு நாளும் எங்களோடு தங்கிய உறவினர்களுக்கும், மைக் செட் கடையைத் திறக்க மனமில்லாத அத்தானைத் தினமும் வந்து அழைத்துப் போன பரீது இக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் சொல்லுக்காகப் பேசாமல் இருந்த அந்த ஒரு நாளை அக்கா எப்படிக் கழித்தார் என்று நினைத்தால் எனக்கு இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. அவரிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பை, அவரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை