மூவாயிரம் பாக்கெட் செத்த பொடி

கரையான்சாவடியிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார் ஞானசௌந்தரி அக்கா. அம்பத்தூரில் நுண்ணுயிர் உரம் செய்யும் கம்பெனியில், 1992இல், அவர் பக்கத்து மேஜையில் எனக்கு வேலை. இத்தனை வருடம் கழிந்த பிறகும் அந்தக் கம்பெனியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பழவேற்காட்டுப் பக்கம் உப்புப் பூத்த வயலில் தப்பிப் பிழைத்த நெல்லின் வேரிலிருந்து அவர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தார். மூன்று வருட உழைப்பு. உப்பு மண்ணிலும் அது பயிருக்குத் தழைச்சத்துத் தரும். நிலக்கரிப் பொடியில் கலந்து விற்றோம். ஆறிய கஞ்சியில் குழைத்து விதைநெல்லில் பூச வேண்டும்; சூடு பட்டால் செத்துவிடும்.

ஆகஸ்டில் உத்தமன் என்ற விவசாயி எங்கள் பொடி பூசி விதைத்தும் வெளிறிப்போன நாற்றோடு வந்து நின்றார். கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பாய் என்று முதலாளி சம்பத் சிரித்தார்.

"மொத நாளு வடிச்ச கஞ்சி சார். கஞ்சி ஆறிச்சா இல்லியான்னு எனுக்குத் தெரியாதா?"

அக்கா நேரே கிடங்குக்குப் போனார். மே மாதம் அவரே சோதித்துக் கையெழுத்திட்ட பாக்கெட்டுகள், தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே பரணில் வெந்துகொண்டிருந்தன. பாக்கெட்டுகளை வைக்க வேண்டிய குளிர் அறையில் முதலாளியின் மச்சான் டயர் அடுக்கியிருந்தார். பத்துப் பாக்கெட்டைப் பிரித்துச் சோதித்தார் அக்கா. நான்கு நாள் கழித்தும் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை; எல்லாம் செத்திருந்தது.

மீதி மூவாயிரம் பாக்கெட்டும் அன்று மாலை சம்பா விதைப்புக்காக மீஞ்சூர் போகவேண்டும். மே மாதச் சோதனையின் கெடு முடிந்திருந்ததால் புதுச் சோதனைச் சீட்டை நீட்டினார் சம்பத்.

"பொடி பொடியாத்தானே கீது? பூச்சி எவன் கண்ணுக்குத் தெரியப்போவுது? போடும்மா கையெழுத்த."

"உத்தமன் வயல்ல தெரிஞ்சிடுச்சே சார். என் பேரச் சொல்லித்தானே வாங்கினாரு."

வேறு ஆள் போட்டுக்கொள்வான் என்று சம்பத் வெளியே போய்விட்டார். பேசாமல் இருங்கள், வேலை போய்விடும் என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

"நீ பயந்துகினே இரு" என்றவர், 'நிராகரிக்கப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பையும் சிவப்பு மையையும் எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினார். பாக்கெட் ஒட்டும் பெண் வடிவு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அக்கா முத்திரை குத்தினார். மதியச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. நான் மேஜையை விட்டு எழவில்லை.

லாரி காலியாகத் திரும்பியது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் சம்பத் அக்காவிடம்.

"ஏன்னு எழுதிக் குடுங்க சார்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. கம்பெனியைப் பூட்டும் வரை அக்கா சம்பத்தின் மேஜை முன்னாலேயே நின்றார்.