வருக்கைச் சக்கையும் சுகுமாரியின் பெருமூச்சும்

இது நடந்த கதை. பனச்சமூடு சந்தைக்கு மீன் வாங்க வருகிற யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன். ரப்பர் விளைகிற ஊர்க்காரன் இழுக்காமல் பேசினால் மரமே கோபித்துக்கொள்ளும்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சுகுமாரிக்கு ஒரு சாயாக்கடை. அவள் சாயா ஆற்றினால் ஒரு கிளாஸ் கேரளத்தில் இருக்கும், இன்னொன்று தமிழ்நாட்டில் இருக்கும். வயது ஐம்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை. அதற்கு ஊர் வீட்டுக்கொரு காரணம் வைத்திருந்தது. ஜாதகம் என்றார்கள், சீக்கு என்றார்கள், ‘ஏதோ உண்டு’ என்று கண்ணடித்தார்கள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது அவள் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. பாத்திரம் கழுவ மட்டும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். கடை அடைக்கச் சற்றுத் தாமதித்தால், யாருக்காகத் திறந்திருக்கிறாள் என்று கேட்க ஆயிரம் நாக்கு.

உண்மைக் காரணம் பலசரக்குக்கடை வேலாயுதன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசும் முன், இரண்டு வீட்டாரும் ஒருவர் ஊருக்கு இன்னொருவர் ரகசியமாய்ப் போய், முக்குக் கடையில் விசாரிப்பார்கள். சுகுமாரியின் இளவயதில் வந்தவர்கள் எல்லாம் வேலாயுதன் கடையில்தான் ஏறினார்கள். அவன் பொய் சொன்னதில்லை. பெருமூச்சு விடுவான். துண்டை உதறித் தோளில் போடுவான்.

“நல்ல குட்டியாக்கும். இனி எங்கிட்ட ஒண்ணும் கேக்காண்டாம்.”

வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் ஓடிவிடுவார்கள்.

எதற்கு இந்த வன்மம்? வேலி தாண்டி அவன் பக்கம் விழுந்த ஒரு வருக்கைச் சக்கையை, ஒரே ஒரு பலாப்பழத்தை, அவள் அப்பா திருப்பி எடுத்துக்கொண்டாராம். ஒரு சக்கைக்கு ஒரு ஆயுசு.

காரக்கோணம் ஆஸ்பத்திரி வரிசையில், அன்று விசாரிக்க வந்த ஒருத்தியே இந்தப் பெருமூச்சுக் கதையைச் சுகுமாரியிடம் சொன்னாள். அடுத்த மாதமே, விசாரிக்க வருகிறவர்கள் பஸ் இறங்குகிற முக்கில் சுகுமாரி கடை போட்டாள். வேலாயுதனின் மகன் அஸ்வந்த் மீசை முளைத்து, துபாய் போய்த் திரும்பும்வரை காத்திருந்தாள். கொக்கு வந்து அவளிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

பெண்வீட்டார் வந்தார்கள். பையன் எப்படி என்றார்கள். சுகுமாரி பெருமூச்சு விட்டாள். துண்டை உதறினாள்.

“நல்ல பய்யனாக்கும். இனி எங்கிட்ட ஒண்ணும் கேக்காண்டாம்.”

குன்னத்துகால் சம்பந்தம் போயிற்று. வெள்ளறடை போயிற்று. ஊர் உச்சுக்கொட்டியது: பாவம் பையன், ஒன்றும் அமையவில்லை. அந்தப் ‘பாவம்’தான் சுகுமாரியைச் சுட்டது. கல்யாணம் கெட்டாத ஆண் பாவம். அவள் மட்டும் ‘ஏதோ உண்டு’.

கடைசியில் வேலாயுதனே படியேறி வந்தான்.

“சுகுமாரி, அவனுக்கு வயசு ஏறிட்டுப் போகுது. நல்லதா ஒரு வாக்கு சொல்லப்பிடாதா?”

“கெட்டதா நான் ஏதும் சொன்னேனா, அண்ணே?”

“சொல்லல்ல. அதாக்கும் பிரச்சனை.”

“அண்ணன் கிட்ட படிச்சதாக்கும்.”

அவன் தலை குனிந்தான். “நான் என்ன செய்யணும்?”

“ஞாயிறாழ்ச்ச காரக்கோணத்துல இருந்து ஆளு வருதில்லியா? அவிய முன்னால சக்கக் கதையச் சொல்லுங்கோ. மிச்சத்தப் பொறவு பாப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆள். வேலாயுதன் எழுந்து நின்று எல்லாம் சொன்னான்: அந்தச் சக்கை, அந்தப் பெருமூச்சு, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது. அவன் அழுத அழுகையில் அன்றைய சாயா முழுக்க உப்புக் கரித்தது.

பெண்ணின் மாமா இளகிப்போனார். “தப்ப ஒத்துக்கிடுத மனுசன். நல்ல குடும்பந்தான்.” சுகுமாரியிடம் திரும்பினார். “அப்ப, பய்யன் எப்படி அக்கா?”

வேலாயுதன் கைகூப்பினான்.

சுகுமாரி ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்தாள். பெருமூச்சு விட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டாள்.

கதை இந்த இடத்துக்கு வந்ததும், பஸ்ஸுக்கு நின்று கேட்டுக்கொண்டிருந்த எலியா துள்ளினான். “இது அக்கிரமமாக்கும். அப்பன் செஞ்சதுக்கு மகன் என்ன பிழைச்சான்?”

“சக்க விழுந்ததுக்கு அவ என்ன பிழைச்சா?” மீன்கூடையை இறக்கி வைத்தாள் சத்தியபாய்.

“இருந்தாலும் அந்தப் பய பாவம்லா.”

“எலே, அந்தப் பாவத்த இன்னொருக்கா சொல்லு, பாப்பம்.”

எலியா சொன்னான். சத்தியபாய் அவன் சட்டையைப் பிடித்தாள். கூடை கவிழ்ந்து சாளைமீன் ரோடெல்லாம் வழுக்க, காரக்கோணம் பஸ் மேலே போக வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.