மணியை நிறுத்தியவர்

தீ எச்சரிக்கை மணி பழுதுபார்ப்பவர் என்று நீட்டி முழக்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லாருக்கும் அவர் மணிக்காரர். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கூரையில் இருக்கும் புகைக் கருவிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அவர் பிழைப்பு. பழுது தேடும்போது முதல் வேலையாக மணிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிடுவார். இல்லாவிட்டால் அது அலறுகிற அலறலில் கட்டடமே இரண்டுபடும். கழற்றிய கையோடு ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார்: 'மணி நிறுத்தப்பட்டுள்ளது.' அட்டை மாட்டாமல் ஒயரில் கைவைத்தவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. கூட வேலை பார்ப்பவர் ஒருமுறை மறந்தபோது, எல்லார் முன்னாலும் அவரைத் திட்டி லெஃப்ட் ரைட் வாங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர்தான் அன்று காலை மகளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் இருந்தார்.

ஒன்பது வயதுப் பெண், வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். உடம்பும் சுட்டது.

"டாக்டர் பாக்குற வரைக்கும் நீங்களா ஒண்ணும் குடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு மனைவி ஆட்டோ பிடிக்க ஓடினாள். அவள் தலை மறைந்ததும் பிள்ளை, "முடியலப்பா," என்று துடித்தது. அழுகை என்றால் இவருக்கு ஆகாது. தன் முழங்கால் வலிக்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த மாத்திரையில் பாதியை உடைத்து அதன் வாயில் போட்டார்.

"அம்மாகிட்ட சொல்லாத, என்ன?"

ஆஸ்பத்திரியில் அவர்கள் முறை வருவதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, அங்கிருந்த மீன்தொட்டியைக் காட்டிக் கதை பேசியது. மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரோ சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இங்க வலிக்குதா?"

"லேசா."

காய்ச்சலும் இல்லை. "வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர்," என்றாள் மனைவி அடித்துச் சொல்லி.

"அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. திரும்ப வலிச்சா உடனே வாங்க."

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. கொடுத்த வாக்கை அது காப்பாற்றிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"டாக்டர், நான் குடுத்தேன்." மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மனைவி பார்த்த பார்வையில் அவர் பஸ்பமாகாதது ஆச்சரியம்தான்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தார். "உள்ள எங்கயாவது வீங்கினா, உடம்பு அந்த இடத்துல ஒரு பொருளை உண்டாக்கும். அது நரம்பு நுனியைச் சீண்டிவிடும். நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். இந்த மாத்திரை அந்தப் பொருள் உண்டாகாம தடுக்குது. காய்ச்சலையும் இறக்கிடும். ஆனா கோளாறு இருந்த இடத்துல அப்படியேதான் இருக்கும்."

"புகை இருக்கு, மணி மட்டும் அடிக்கல," என்று முனகினார் அவர்.

"அதேதான். குடுத்ததைக்கூட விடுங்க. சொல்லாம இருந்தீங்களே, அதுதான் தப்பு. வாங்க, ஸ்கேன் எடுத்துடலாம்."

குடல்வால் வீங்கி, வெடிக்கிற பதத்தில் இருந்தது. மதியமே அறுவை சிகிச்சை. வெளியே மனைவி நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. கதவு திறக்கும் போதெல்லாம் எழுந்தார். யாரோ எவரோ வெளியே வந்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் என்று நினைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

சாயங்காலம் பிள்ளை கண் விழித்தது. முதலில் அம்மாவைப் பார்த்தது, பிறகு அவரை. ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"அப்பா, வலிக்குது," என்றது மெதுவாக. "சொல்லலாமா?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "சிஸ்டர்! எம் பொண்ணுக்கு வலிக்குதாம்!" என்று அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.