தோள் அளவு

இடது கை முந்தானையின் மடிப்பை அசையாமல் பிடித்திருக்க, வலது கை இஸ்திரிப் பெட்டியை ஓரம்வரை நகர்த்தியது. பட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டு. நேராகச் சூடு பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். மடிப்பு ஆறியதும் ஒரு கிளிப். பிறகு அடுத்த மடிப்பு.

மந்தைவெளியில் ஷீலாவின் வீட்டுக்கு மணப்பெண்களின் புடவைகள் வருகின்றன. அவள் முன்கூட்டியே மடித்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டால், முகூர்த்த அவசரத்தில் கொசுவத்தோடு போராட வேண்டாம், சுற்றிக்கொண்டால் போதும். கணவன் பொன்ராஜ் ஓசூருக்கு வேலைக்குப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பமானது. பணம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டான். அதன்பிறகு வீடியோ பார்த்து ஷீலா கற்ற தொழில் இது. வீடியோவில் கற்றதைவிடத் தன் புடவைகளைத் தீய்த்துக் கற்றதுதான் அதிகம்.

முந்தானை தோளில் எப்படி விழும் என்று போட்டுப் பார்த்துதான் ஆக வேண்டும். ஆனால் முகூர்த்தப் பட்டுப்புடவையை மணப்பெண்ணுக்கு முன்னால் இன்னொருத்தி தோளில் போடக் கூடாது என்பார்கள். பொம்மை வாங்க வசதியில்லை. பொன்ராஜின் சந்தன நிறச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, உள்ளே தலையணையைத் திணித்து, பீரோ கதவில் தொங்கவிட்டிருந்தாள். துணிமணி எல்லாம் எடுத்துப்போனவன் இதை மட்டும் விட்டுப்போயிருந்தான். இதைக் கேட்டுக்கொண்டாவது ஒரு நாள் வருவான் என்று நினைத்திருந்தாள்.

இன்றைய பட்டு அபிராமபுரத்துப் பெண் ஷ்ரேயாவுடையது. உயரமான பெண், அகலமான தோள். சட்டை அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. தோளில் ஊக்கு குத்தி நீவியபோது ஷீலாவின் கை அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

வாசலில் பொன்ராஜின் தம்பி ரகுபதி.

"இன்னா அண்ணி, அண்ணனுக்கே பட்டுப்புடவை கட்டி வுட்டுக்கினு கீற?"

"நீயும் வந்து நில்லு ரகு, உனக்கும் கட்டி வுடறேன்."

அவன் சிரித்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "அந்தச் சட்டைக்குத்தான் வந்தேன். ஏதோ கல்யாணத்துக்குப் போடணுமாம். அண்ணன் வாங்கியாரச் சொல்லுச்சு."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வேணும்னா அவரையே வரச் சொல்லு."

"அது வராது அண்ணி. உனக்கே தெரியும்."

ரகுபதி கிட்டே வந்து முந்தானைக்குக் கீழே சட்டைத் தோளைப் பார்த்தான். எத்தனையோ கல்யாணத்து ஊக்குகள் குத்தி அது ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"சல்லடை மாதிரி கீதே. இத எப்டிப் போடும்?"

ஷீலாவும் அப்போதுதான் பார்த்தாள். விரலால் அந்த ஓட்டைகளைத் தடவினாள்.

"இது எனக்குத் தொழிலுக்கு வேணும்னு சொல்லிடு ரகு." அவன் செருப்பை மாட்டும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "நேர்ல வந்தாருன்னா புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்னும் சொல்லு."

மதியம் ஷ்ரேயாவின் அம்மா வந்தார். "வழுக்குற பட்டாச்சே ஷீலா, தோள்ல நிக்குமா?"

"நிக்கும்மா. போட்டுப் பாத்துட்டேன்."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "யார் தோள்ல?"

"எங்க வீட்டுக்காரர் சட்டை மேலதாம்மா."

அவர் பீரோ பக்கம் பார்த்தார். "அவர் ஊர்ல இல்லையா?"

"ஓசூர்ல இருக்காரும்மா."

ஷீலா சட்டைத் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். மடிப்பு கலையாமல் புடவையை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.