இருபத்து நான்கு ஈயக்குண்டுகள்

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தது. ஒத்திகைக் கூடத்தில் நடிகை காலணி மாற்றிக்கொண்டிருந்தாள். இயக்குநர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "ஊசியக்கா போயிட்டாங்களாம். ராத்திரி தூக்கத்துலயே. அவங்க தம்பி பேசினார்" என்றார். மறுநாள் நாடகம் அரங்கேற வேண்டும்.

ஊசியக்கா முப்பத்தோரு வருஷமாக அந்தக் குழுவின் தையல்காரி. தகப்பனுக்கும் காதலனுக்கும் நடுவே நசுங்கி, கடைசி அங்கத்தில் ஆற்றில் இறங்கிச் சாகும் அந்தப் பழைய நாடகத்துப் பெண்ணுக்கு மட்டும் பதினொரு முறை உடை தைத்திருந்தாள். ஒருமுறை அவளை ஆலைத் தொழிலாளியாக்கினார்கள். ஒருமுறை மருத்துவமனை நர்ஸ் ஆக்கினார்கள். என்ன ஆக்கினாலும் ஆறு அவளை விடவில்லை. நிஜத் தண்ணீர் ஊற்றிய வருஷம் ஒரு நடிகர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து ஊசியக்கா அந்தப் பெண்ணின் கவுனுடைய கீழ்மடிப்புக்குள் இருபத்து நான்கு ஈயக்குண்டுகளை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். துணி நனையாமலே நனைந்ததுபோல் தொங்கும்.

"பதினோரு பேரை முழுக வச்சிருக்கேன். ஒருத்திகூடத் திரும்பி வந்து அளவு சரியில்லன்னு சொன்னதில்ல" என்பாள்.

இம்முறை இயக்குநர் முடிவை மாற்றியிருந்தார். பெண் ஆற்றிலிருந்து எழுந்து, பார்வையாளர்களுக்கு நடுவே ஓடி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாள். அந்த ஓட்டத்துக்காகவே நடிகை இந்த வேடத்தை ஒப்புக்கொண்டாள். ஊசியக்காவோ பழக்கப்படி குண்டுகளை வைத்துத் தைத்துவிட்டாள். புதன்கிழமை ஒத்திகையில் நடிகை இரண்டு முறை தடுக்கி விழுந்தாள்.

"நாளைக்கும் விழுந்தா பழைய முடிவுதான். நீ பாட்டுக்குச் செத்துடு, வம்பில்ல" என்றார் இயக்குநர்.

அன்று சாயங்காலம் நடிகை தையல் அறைக்குப் போனாள்.

"அக்கா, குண்டையெல்லாம் எடுத்துடுங்க. ஓடினா கணுக்கால்ல அடிக்குது."

"அவ ஓடுறவளே இல்ல, கண்ணு. எனக்கு அவளை எத்தனை வருஷமாத் தெரியும்!"

"இவ ஓடுறாக்கா."

"ஓடி எங்க போறா?"

"தெரியல. கதவு வரைக்கும்தான் எழுதியிருக்கு."

ஊசியக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். "எழுதினவருக்கே தெரியலையா? நல்லாருக்கு போ. கழட்டி வச்சிட்டுப் போ, பாக்கலாம்."

பார்க்கலாம் என்று அவள் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். குழுவில் எல்லோருக்கும் தெரியும். நடிகை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பினாள். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இப்போது, செய்தி கேட்ட பிறகு, அவள்தான் தையல் அறையைத் திறந்தாள். கவுன் மேசைமேல் விளிம்பு மேலாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் சின்னக் கத்தரி. துணியில் ஒரு கீறல்கூட இல்லாமல் தையல் பிரிக்கப்பட்டிருந்தது. தேநீர்க் கோப்பையின் தட்டில் பதினேழு குண்டுகள் கிடந்தன. மடிப்புக்குள் இன்னும் ஏழு இருந்தன.